நேற்றைய மீன்

வெளியூரில் சாப்பாட்டுக்கடை ஒன்றில் உட்கார்ந்தால் எங்களில் அநேகரின் வாயிலிருந்து முதலில் வருவது 'மீன் இருக்கா?' என்ற கேள்விதான். மீன் ஆசை மட்டுமல்ல காரணம். கோழியை யார் அறுத்தார், எப்படி அறுத்தார் என்று கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. விசாரித்தாலும் பதிலை நம்புவதா விடுவதா என்ற யோசனை சோற்றுக்கு முன்னமே தொண்டையில் வந்து அடைத்துக்கொள்ளும். மீனுக்கு அறுப்பு இல்லை. 'மீன்தானே' என்று சொல்லி, பிஸ்மியையும் சொல்லி, பிசையத் தொடங்கிவிடுகிறோம். ஆகுமானதா என்ற கேள்வி அத்தோடு முடிந்துவிடுகிறது. நல்லதா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

நான் கேட்பவன். கேட்கத் தெரிந்தவன் என்றும் நெடுங்காலம் நினைத்திருந்தேன். நான் ஒரு மீன் வியாபாரியின் மகன்.

எங்கள் ஊர் தண்ணீரூற்று. கடலோர ஊரல்ல. முல்லைத்தீவுக் கரையிலிருந்து மாங்குளம் வீதியால் ஏழெட்டுக் கிலோமீற்றர் உள்ளே வந்தால், முள்ளியவளையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். கடல் எங்களிடம் சைக்கிளில் வந்தது. வாப்பா ஸுபஹு தொழுத கையோடு கரைக்குப் புறப்பட்டுவிடுவார். கரைவலை இழுத்து முடிகிற நேரத்துக்கு அங்கே நிற்கவேண்டும் என்பது அவருடைய கணக்கு. திரும்பி வரும்போது கரியரில் பலகைப் பெட்டி, அதன்மேல் நனைத்த சாக்கு, சாக்கிலிருந்து வீதி நெடுகச் சொட்டுகிற தண்ணீர். ரப்பர் ஹோர்னை அவர் அமுக்குகிற சத்தத்திலேயே பெட்டியில் சூடையா பாரையா என்று உம்மா சொல்லிவிடுவா என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். பெட்டியில் ஐஸ் கிடையாது. ஐஸ் என்றால் எனக்கு அந்த வயதில் ஐஸ்பழம்தான்.

ஐஸ் இல்லாத வியாபாரத்துக்கு நேரம்தான் முதல். பத்து மணிக்கு முன் பெட்டி காலியாக வேண்டும். பத்துக்குப் பிறகு மிஞ்சுகிற மீனைப் பற்றி வாப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. அடுத்த நாளைக்கு அதை வைத்திருந்து புதுமீனோடு கலக்கமாட்டார். உம்மா உப்புத் தடவிக் கருவாடு போட்டுவிடுவா. எப்போதாவது மழைக்கு அகப்பட்டுக் கருவாடும் போட முடியாமல் விடியக் கிடந்த மீனை விற்க நேர்ந்தால், படலையில் நின்றே 'இது நேத்தைய மீன், புளி கூடப் போட்டு இப்பவே அவிக்கிறெண்டா வாங்குங்க' என்று சொல்லிப் பாதி விலைக்குக் கொடுப்பார். இதில் அவருக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. விலை சொல்வதுபோல மீனின் வயதையும் சொன்னார், அவ்வளவுதான்.

பள்ளி விடுமுறை நாட்களில் பெட்டிக்குப் பின்னால் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். மீன் பார்ப்பதை அங்கேதான் கற்றேன். கண் வெளியே முட்டிக்கொண்டு, ஈரக் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கவேண்டும். குழிந்து பால் பூத்த கண் ஆகாது. செவுளைத் தூக்கினால் இரத்தச் சிவப்பு தெரியவேண்டும். மண்ணிறமாகவோ சாம்பலாகவோ இருந்தால் மூடிவிட்டு வரவேண்டியதுதான். விரலால் அமுக்கினால் பள்ளம் எழும்பி வரவேண்டும். சாளை, சூடை போன்ற சின்ன மீனுக்கு வயிற்றைப் பார். இரை தின்ற வயிறோடு பிடிபட்ட சாளை வெயிலில் கிடந்தால் வயிறு வெடித்துவிடும். பிறகு மணம். புதுமீன் மீன் நாறுவதில்லை. கடல் மணக்கும், கடற்பாசி மணக்கும். நாங்கள் மீன் வெடுக்கு என்கிற அந்த நாற்றம், மீன் செத்த பிறகு அதன் உடம்பில் கிருமிகள் செய்கிற வேலை. இதை உண்டாக்கும் பொருளுக்கு விஞ்ஞானப் புத்தகத்தில் திரைமெதைலமீன் என்று பெயர். அமீன் என்ற சொல் வரும்போதெல்லாம் வகுப்பில் ஒரு பிள்ளையாவது 'ஆமீன்' சொல்லாமல் விட்டதில்லை. நான் தமிழாசிரியன். ஆள் பற்றாக்குறையால் ஏழாம் எட்டாம் வகுப்புகளுக்கு விஞ்ஞானமும் என் தலையில்.

வியாபாரிகளின் தந்திரங்களையும் வாப்பாதான் காட்டித் தந்தார். பழைய மீனின் செவுளில் வேறு மீனின் இரத்தத்தைப் பூசுவார்கள். கரைவலை மீன்போலத் தெரியட்டும் என்று ஈர மணலைத் தூவுவார்கள். 'எல்லாத்தையும் பார்த்திட்டு, கடைசியா விக்கிறவன்ட கண்ணையும் பாரு, மகன்' என்பார்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் ஊரை விட்டுப் புறப்பட்டோம். பலகைப் பெட்டி கோடியில் கவிழ்த்தபடி கிடந்தது. அதை இங்கே விரித்து எழுதப்போவதில்லை; இந்த ஏட்டில் பலர் எழுதிவிட்டார்கள். மீனைப் பற்றிய மட்டில் சொல்வதானால், புத்தளத்து ஓலைக் கொட்டிலில் முதன்முதலாக ரின்மீன் வெட்டியபோது வாப்பா அந்தத் தகரத்தை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. கண்ணும் இல்லை, செவுளும் இல்லை. அமுக்கிப் பார்க்கவும் முடியாது. அடியில் ஒரு திகதி மட்டும் இருந்தது. 'இனி இதை நம்பித்தான் தின்னணும்' என்றார். பிற்காலத்தில் கற்பிட்டிப் பக்கம் போய் மீன் எடுத்து விற்றார். 2007இல் அங்கேயே மௌத்தானார். ஊரைத் திரும்பப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி முடித்து, புத்தளத்திலேயே சில வருடம் படிப்பித்து, யுத்தம் முடிந்து சனங்கள் திரும்பத் தொடங்கியபின் 2011இல் மாற்றம் கேட்டு வந்தேன். வந்த பிறகுதான் மீன் பார்க்கத் தெரிந்தவன் என்ற பெயர் எனக்கு ஏற்பட்டது. கருத்தரங்கு, விடைத்தாள் திருத்தல் என்று எங்கே கூட்டாகப் போனாலும் மத்தியானம் சக ஆசிரியர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். 'சேர், மீன் எப்படி?' நான் ஒரு விள்ளல் எடுத்து மணந்து, வாயிலிட்டு, தலையாட்டுவேன். அதன் பிறகுதான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அந்தத் தலையாட்டலில் எனக்கு ஒரு ருசி ஏற்பட்டிருந்தது என்பதை மறைக்கவேண்டியதில்லை.

உண்மையில் சமைத்த மீனில் வாப்பாவின் பாடம் பாதிக்குமேல் செல்லாது. வெந்தபின் எல்லா மீனின் கண்ணும் வெள்ளைதான். செவுளைச் சமையற்காரர் முதலிலேயே வெட்டி எறிந்திருப்பார். மிளகாய்த்தூளும் கொறக்காயும் கறிவேப்பிலையும் மணத்தை மூடிவிடும். புளி மூடுவதோடு நிற்பதில்லை. அதிலுள்ள அமிலம் அந்த அமீனைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வெடுக்கு மேலெழுந்து வருவதும் குறைந்துபோகும். ஆகவே நானாகச் சில கணக்குகள் வைத்திருந்தேன். துண்டை முள்ளிலிருந்து பிரித்தால் சதை இதழ் இதழாக, ஈரத்தோடு கழரவேண்டும். மாவாகக் குழைந்தால் பழசு. நடுமுள்ளை ஒட்டிய சதை கருஞ்சிவப்பாக ஊறிப்போயிருந்தால் அதுவும் பழசு. சூரைத் துண்டில் தேன்கூட்டைப்போலப் பொந்து பொந்தாகத் தெரிந்தால் தொடவே கூடாது. குழம்புக்குள் கிடக்கும் துண்டு முன்னமே கடுமையாகப் பொரித்ததாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். நேற்று விற்காததை இன்று எண்ணெயில் போட்டு எழுப்பி, பிறகு குழம்பில் இறக்குவது கடைகளில் நடக்கிற சங்கதி. தெரியாத கடையில் பெரிய மீனின் துண்டைவிட, தலையோடு முழுசாகக் கிடக்கும் சின்ன மீன் மேல்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லவேண்டும். நேற்றைய ஆணம் வேறு, நேற்றைய மீன் வேறு. உம்மா புதுமீனைப் புளிவிட்டு மண்சட்டியில் ஆக்கி, இரவு ஒருதரம் சூடுகாட்டி, காலையில் பாணோடு தருகிற ஆணத்துக்கு இணையாக ஒன்றை நான் இதுவரை தின்றதில்லை. அது புதுமீனை வைத்து ஆக்கிய பழைய ஆணம். கடையில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். ஆவி பறக்க வருகிற ஆணம் இன்றையது. உள்ளே கிடக்கும் மீனின் வயதை அந்த ஆவி சொல்லாது.

2014இல் எங்கள் பாடசாலையிலிருந்து பிள்ளைகளைப் பேராதனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், நான்கு ஆசிரியர்கள். திரும்பி வரும் வழியில் கடல் எந்தத் திசையிலும் வெகு தூரமான ஓர் ஊரில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கினோம். கடையில் கோழி இருந்தது. வேண்டாம் என்றோம். மீன் இருந்தது. சூரை. அன்றும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் சமையலறை வாசல்வரை போய்ச் சட்டியை மணந்தேன். வெடுக்கு இல்லை. துண்டொன்றைப் பிட்டேன். சதை இறுக்கமாக இதழ் இதழாக வந்தது. பொந்தும் இல்லை. வாயிலிட்டேன். நல்ல ருசி. நாக்கு நுனியில் மட்டும் மெல்லிய சுணை ஒன்று, மிளகு கூடிப்போன மாதிரி. மிளகுதான் என்று நினைத்துக்கொண்டேன். 'சாப்பிடுங்க பிள்ளைகள், நல்ல மீன்' என்றேன்.

பஸ் புறப்பட்டு அரை மணித்தியாலம் இருக்காது. பின் ஆசனத்தில் ஒரு பையன் தலை வெடிக்கிறது என்றான். திரும்பிப் பார்த்தால் முகமும் கழுத்தும் வெயிலில் சுட்டதுபோலச் சிவந்திருந்தன. பிறகு ஒருத்தி சத்தியெடுத்தாள். பிறகு இன்னொருவன். ஒன்பது பிள்ளைகள். அவர்களில் ஒருத்திக்கு ஏற்கெனவே முட்டு வருத்தம் உண்டு. அவள் மூச்சை இழுக்கிற சத்தம் பஸ்ஸின் இரைச்சலுக்கு மேலாகக் கேட்டது. அவளுடைய உம்மா காலையில் என்னிடம் பம்பைத் தந்து, 'சேர், நீங்க இருக்கிறதால தான் அனுப்புறன்' என்று சொல்லியிருந்தா. பம்பை அவள் வாயில் வைத்து அமுக்கும்போது என் கை நடுங்கியது.

அகப்பட்ட முதல் வைத்தியசாலைக்குள் பஸ்ஸை விட்டோம. இளம் டாக்டர், சிங்களவர். பிள்ளைகளின் முகங்களைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, 'மாலு கேவாத?' மீன் சாப்பிட்டீங்களா. ஆம் என்றேன். 'பலயாத, கெலவல்லாத?' சூரையா, மஞ்சட்செட்டைச் சூரையா. பலயா என்றேன். அவர் தலையசைத்தார். ஊசி போட்டார்கள், குளிசை கொடுத்தார்கள். மஃரிபுக்குள் எட்டுப் பேரின் சிவப்பும் அடங்கிவிட்டது. அந்தப் பிள்ளையை மட்டும் விடியும்வரை ஒட்சிசனோடு வைத்திருந்தார்கள். நான் கட்டிலருகே நின்றேன். அல்ஹம்துலில்லாஹ், காலையில் பசிக்கிறது என்றாள்.

இரவு டாக்டர் வந்து, பாதி சிங்களமும் பாதி ஆங்கிலமுமாக எனக்கு விளங்கப்படுத்தினார். ஊருக்கு வந்தபின் நானும் தேடி வாசித்தேன். சூரை, கெலவல்லா, கும்பளா போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் இயல்பாகவே அதிகம். பிடித்த மீனை உடனே குளிரில் வைக்காவிட்டால் சில கிருமிகள் அதை ஹிஸ்டமினாக மாற்றத் தொடங்கிவிடும். நாலு பாகை செல்சியசுக்கு மேலே சூடு ஏற ஏற அந்த வேலை வேகமாக நடக்கும். ஒருமுறை ஹிஸ்டமின் உண்டாகிவிட்டால் அவித்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது, திரும்ப ஐஸில் வைத்தாலும் போகாது. அதற்கு மணமும் இல்லை. மீன் நாறுவதற்கு முன்னமே அது கூடியிருக்கலாம். ஒரே மீனிலும் ஒரு துண்டில் அதிகமாகவும் மறு துண்டில் குறைவாகவும் இருக்கும். முப்பத்தெட்டுப் பேரில் ஒன்பது பேரை மட்டும் பிடித்தது அதனால்தான். சிலருக்குத் தெரிகிற ஒரேயொரு அடையாளம், வாயில் மிளகு பட்டதுபோன்ற சுணை.

அந்தச் சுணை என் நாக்கில் பட்டது. பட்டதை நானே மிளகென்று பெயர் வைத்துக் கடந்துபோனேன்.

'சூரை கிரந்தி' என்று எங்கள் பக்கத்துக் கிழவிகள் சொல்வார்கள். புண் உள்ளவர்களுக்கும் பிள்ளைப்பேற்று வீட்டிலும் அதைக் கொடுக்கமாட்டார்கள். கலாசாலையில் படித்த நாட்களில் இதையெல்லாம் மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். உடம்பு சிவந்து தடித்த அனுபவம்தான் அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருந்ததோ என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஊர் திரும்பியபின் பெற்றோர் கூட்டம் ஒன்று வைத்தோம். ஏச்சுக்குத் தயாராகத்தான் போனேன். ஒருவர் எழும்பி, 'சேரைக் குறை சொல்லாதீங்க. சேர் தானும் சாப்பிட்டுப் பாத்துத்தானே குடுத்தவர்' என்றார். எனக்காகப் பேசினார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். முட்டுக்காரப் பிள்ளையின் உம்மா ஒன்றுமே பேசவில்லை. கூட்டம் முடிந்து போகும்போது பம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனா.

பிறகு நெடுநாள் யோசித்தேன். வாப்பாவின் கண்ணும் மூக்கும் பொய்யா? பொய்யில்லை. அவருடைய மீன் விடியக் கரையேறி, பத்து மணிக்குள் சட்டிக்குப் போனது. அதன் வழி ஏழெட்டுக் கிலோமீற்றர். வழி முழுவதும் அவர் கூடவே வந்தார். மலைநாட்டு வீதியோரத்துச் சட்டியில் கிடந்த சூரையின் வழி வேறு. பலநாள் படகுகள் கிழமைக்கணக்கில் ஆழ்கடலில் நின்று மீனை ஐஸில் அடுக்குகின்றன. பிறகு துறைமுகம், லொறி, மொத்தச் சந்தை, இன்னொரு லொறி, ரெஜிபோம் பெட்டி, கடையின் குளிர்ப்பெட்டி, மின்சாரம் நின்ற இரண்டு மணித்தியாலம். இதில் எங்கே ஐஸ் உருகியது என்பதை என் மூக்கு எப்படிக் கண்டுபிடிக்கும்? ஐரோப்பாவுக்குப் போகிற கெலவல்லாவுக்கு ஹிஸ்டமினை அளந்து பார்க்கிறார்கள். கிலோவுக்கு நூறு, இருநூறு மில்லிகிராம் என்று அங்கே எல்லை வகுத்திருக்கிறார்கள். எங்கள் கோப்பைக்கு வருகிற துண்டை யாரும் அளப்பதில்லை. எங்களுக்கு இருப்பது கேட்கிற வாய் மட்டும்தான்.

அதனால் மீனைப் பார்ப்பதைக் குறைத்து, கேட்பதைக் கூட்டினேன். அமெரிக்கச் சமையற்காரர் அன்ரனி போர்டெய்ன் 2000இல் வந்த தம் நூலில், திங்கட்கிழமை உணவகத்தில் மீன் கேட்காதீர்கள் என்று எழுதிப் பிரபலமானார். நியூயோர்க்கில் வெள்ளிக்கிழமை வாங்கிய மீன்தான் திங்கள் மட்டும் கிடக்கும் என்பது அவர் சொன்ன நியாயம். பிற்காலத்தில் நிலைமை மாறிவிட்டதென்று அவரே அதைத் தளர்த்திக்கொண்டார். எங்கள் கரைக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. கத்தோலிக்கத் தொழிலாளர் பலர் ஞாயிறு கடலுக்குப் போவதில்லை. மாரியில் வாடைக்காற்று எழும்பினால் கடல் கொந்தளித்து, கரைவலை நாட்கணக்கில் நின்றுவிடும். நல்ல நிலவு காலத்தில் சூடை குறைவாகத்தான் படும். இதெல்லாம் தெரிந்தால், 'இண்டைக்கு வந்த மீன்' என்று கடைக்காரர் சொல்வது எங்கிருந்து வந்தது என்று மேலும் ஒரு கேள்வி கேட்கலாம். மாரி மாதத்து முல்லைத்தீவில், கடல் இரைகிற சத்தம் காதில் விழ விழ, தெற்கிலிருந்து வந்த ஐஸ் மீனைச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள். கடல் பக்கத்தில் இருப்பதால் மீன் புதிசு என்றாகிவிடாது. அப்படியான நாட்களில் தண்ணிமுறிப்புக் குளத்து ஜப்பான் மீன் கிடைத்தால் அதுவே எனக்குப் போதும். கடல்மீன் தின்று வளர்ந்தவர்கள் அதைக் கண்டு முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

கேட்பதற்கு எங்கள் ஆட்களுக்கு வெட்கம். காசு கொடுத்துச் சாப்பிடுகிற இடத்தில் மீன் எப்ப பட்டது என்று கேட்டால் கடைக்காரரை அவமதித்ததாக ஆகிவிடுமாம். சில கடைகளில் முறைத்தும் பார்க்கிறார்கள். சூரை என்றால் ஐஸில் வந்ததா, கடைக்கு வந்து எத்தனை நாள், வெட்டி எவ்வளவு நேரம் என்று கேட்பேன். பதில் வருகிற விதத்தைப் பார்ப்பேன். நாக்கில் சுணை பட்டால் துப்பிவிட்டு எழும்புவேன். 'சேர், மீன் எப்படி?' என்று யாராவது கேட்டால் இப்போது தலையாட்டுவதில்லை. கடைக்காரர் என்ன சொன்னார் என்பதைச் சொல்கிறேன். முடிவை அவரவரே எடுத்துக்கொள்ளட்டும்.

போன மாரியில் கல்வி அலுவலக வேலையாக முல்லைத்தீவுக்குப் போயிருந்தேன். மழை. பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு தமிழ் அம்மா நடத்துகிற தகரக் கொட்டில் சாப்பாட்டுக்கடை. நான்கு மேசை. சோறு, பருப்பு, சொதி, கத்தரிக்காய். அடுப்படியில் ஒரு சட்டி மூடிக் கிடந்தது.

'அக்கா, மீன் என்ன?'

'பாரை, சேர்.'

'எப்ப பட்டது?'

அவ அகப்பையை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தா. முறைக்கப்போகிறா என்றுதான் நினைத்தேன்.

'நேற்றையான் மீன், சேர். ரெண்டு நாளாக் கடலுக்கு ஒருத்தரும் போகேல்லை. வந்த உடனே அவிச்சு வச்சனான். வேணுமெண்டாச் சாப்பிடுங்கோ. இல்லாட்டி முட்டை பொரிச்சுத் தரட்டோ?'

நேற்றைய மீன். ரப்பர் ஹோர்ன் சத்தம் காதில் கேட்டமாதிரி இருந்தது. மூடியைத் திறக்கச் சொன்னேன். பாரைதான். புளி தூக்கலாக, உம்மாவின் சட்டியில் இருக்கிற அதே நிறம்.

'மீனைப் போடுங்கோ அக்கா' என்றேன். 'முட்டையும் ஒண்டு.'